கறைபடாத துணி

செவ்வாய், காலை.

முப்பத்தேழாவது கொண்டை ஊசி வளைவில் ஜீப் நின்றது.

டாக்டர் நௌஷீன் குழந்தையின் மார்பில் வைத்திருந்த இரண்டு விரல்களை எடுத்தாள். துடிப்பு நின்றிருந்தது. டிரைவர் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்தியிருந்தார்.

"கீழ போறதுங்களா, மேல போறதுங்களா?" என்று கேட்டார்.

 பிறகு அவரே வண்டியை மேலே திருப்பினார்.

விடிந்ததும் அந்தக் குழந்தையைச் சுகாதார நிலையத்துக்குத் தூக்கி வந்திருந்தார்கள். மலைமேல் வாழவந்தி நாடு என்ற ஊர்த்தொகுதியைச் சேர்ந்த மாணிக்கத்தின் குழந்தை. பெண். பிறந்து ஐந்து நாள். வயிறு விறைத்திருந்தது. வாந்தி பச்சையாக வந்தது. கை கால் துவண்டு கிடந்தன. மலைமேல் வயிற்றைத் திறக்க ஆளும் இல்லை, அறையும் இல்லை. ஆம்புலன்ஸ் கீழேயிருந்து ஏறி வரவேண்டும். அதற்குக் காத்திராமல், மிளகு மூட்டை ஏற்ற வந்த ஜீப்பை மறித்து, குழந்தையையும் பெற்றவர்களையும் ஏற்றிக்கொண்டு நௌஷீன் கிளம்பினாள்.

வழியெல்லாம் தாய் சுமித்ரா பேசிக்கொண்டே வந்தாள். நிறுத்தினால் என்ன ஆகுமோ என்று பயந்தவள் போலப் பேசினாள்.

"தொந்தரவே இல்லாத புள்ளைங்க டாக்டரம்மா. இடி இடிச்சாக்கூட முழிக்காது. அத்தனை சுத்தம். ஒரு துணி கறையாக்கல. இப்படி ஒரு புள்ளைய நாங்க பாத்ததே இல்லைன்னு ஊரே சொல்லுச்சுங்க."

நௌஷீனின் கவனம் குழந்தையின் மூச்சில் இருந்தது. ஐம்பதாவது வளைவில் கிழங்கு லாரி ஒன்று காதோரம் ஹாரன் அடித்தது. ஜீப்பில் எல்லோரும் திடுக்கிட்டார்கள். குழந்தையின் இமைகூட அசையவில்லை.

இப்போது மேலே ஏறும்போது சுமித்ரா பேசவில்லை. மாணிக்கம் தலையில் கட்டியிருந்த துண்டின் ஒரு முனையை வாயில் கடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தான். நௌஷீன் குழந்தையின் முகத்தைத் துடைத்தாள். நெற்றிக்கு மேலே, நாணயம் அளவுக்கு, முடி மழிக்கப்பட்டிருந்தது. அதன்மேல் சந்தனம் அப்பியிருந்தது.

குடல் அடைத்திருக்கிறது. அது பார்த்தவுடனே தெரிந்தது. ஏன் அடைத்தது என்று யோசிக்க அப்போது நேரமில்லை. இப்போது நேரம் நிறைய இருந்தது.

*

செவ்வாய், மதியம்.

எஸ்.ஐ. அர்த்தனாரி திருச்செங்கோட்டுக்காரர். மலைக்கு மாற்றலாகி ஒரு வருஷம் ஆகியும் ஸ்வெட்டரைக் கழற்றாதவர். புகார் கொடுத்தவன் குழந்தையின் தாய்மாமன் சின்னராசு. எடப்புளி நாட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்திருந்தான். வந்த வேகத்தில் வண்டியை மாணிக்கம் வீட்டுக் களத்தில் காய்ந்த மிளகின்மேலேயே நிறுத்தியிருந்தான்.

"தேனு வெச்சுக் கொன்னுட்டாங்க சார். அவதான்."

அவன் கை காட்டிய இடத்தில் பாவாயி உட்கார்ந்திருந்தாள். மாணிக்கத்தின் அக்கா. பிள்ளை இல்லை என்று கணவன் வேறு கட்டிக்கொண்ட பிறகு தம்பி வீட்டுக்கு வந்தவள். சுமித்ராவுக்குப் பிரசவம் பார்த்தது அவள். அன்று மலையில் அடித்த மழையில் பாதை போய்விட்டது. சுகாதார நிலையத்துக்கு யாரும் வரமுடியவில்லை.

அர்த்தனாரி அவள் எதிரில் ஸ்டூலைப் போட்டார். நௌஷீன் பலாமரத்தடியில் நின்று கேட்டாள்.

"சேனை யாரு வெச்சது?"

"நாந்தானுங்க."

"எப்போ?"

"மூணாம் நாளுங்க. புள்ளைக்குத் தண்ணி ஊத்தின பொறவு."

"யாரு வெக்கச் சொன்னா?"

"சுமித்ராதானுங்க. நங்கையா, நீங்க வெச்சாத்தான் என்ற புள்ள பொறுமைசாலியா வரும்னு சொன்னா."

"எவ்வளவு?"

"மோதரத்துல தொட்டு நாக்குல ஒரு இழுப்பு. அவ்வளவுதானுங்க."

சேனை என்று பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் இனிப்பை வைப்பவரின் குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. அதனால் ஆள் பார்த்து வைக்கச் சொல்வார்கள்.

"கொணமாம் கொணம்!" என்றான் சின்னராசு. "கட்டுனவனே வேண்டாம்னு தொரத்தி உட்டவ. அவ கொணம் என்ற மருமவளுக்கு வரோணுமா? வயித்தெரிச்சல் சார். வேறென்ன?"

"நீ கொஞ்சம் அந்தாண்ட நில்லப்பா," என்றார் அர்த்தனாரி. "மொதல்ல மிளகு மேல இருந்து வண்டிய எடு."

தேன் வந்த வழியைக் கேட்டார். மாணிக்கத்தின் தம்பி சின்னக்கண்ணு பாறையில் எடுத்தது. அவனைக் கூப்பிட்டார்கள். வீட்டுக்குப் பின்னாலிருந்து வந்தான். முப்பது வயது இருக்கும். சேற்றுக்குள் நடப்பவன் போல ஒவ்வொரு காலையும் முழங்காலளவு தூக்கி வைத்து நடந்தான். கெண்டைக்கால் இரண்டும் குச்சி. ஒரு கண் கருப்பு. ஒரு கண் வெளிறிய நீலம்.

"தேனை எங்கடா எடுத்தே?"

அவன் அவருடைய வாயையே பார்த்தான்.

"டேய், உன்னத்தான்!"

"கத்தாதீங்க சார்," என்றான் மாணிக்கம். "அவனுக்குக் காது கேக்காதுங்க. பொறவியிலயே."

சின்னக்கண்ணு கான்ஸ்டபிள் கையிலிருந்த தேன் பாட்டிலைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். புரிந்துவிட்டது. யாரும் தடுப்பதற்குள் பாட்டிலைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, இரண்டு மடக்கு குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு அர்த்தனாரியின் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

"அய்யோ, சாட்சியக் குடிச்சிட்டானே!" என்று கத்தினார் அர்த்தனாரி. "புடுங்குய்யா அதை."

மிச்சம் அரைப் பாட்டில் இருந்தது. கான்ஸ்டபிள் அதைத் துணியில் சுற்றினார்.

பலாமரத்தடிக்கு வந்து அர்த்தனாரி குரலைத் தாழ்த்தினார். "மேடம், கீழ பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்கிட்டப் போன்ல கேட்டேன். பெரியவங்க தேனைக் குடம் குடமாக் குடிச்சாலும் ஒண்ணுமில்லையாம். பச்சக் கொழந்தைக்கு அதுல இருக்கிற ஒரு கிருமி போதுமாம். கை கால் துவண்டுருமாம், வெளிக்கிப் போகாதாம். அதேதானுங்களே இது?"

"அதே மாதிரி இருக்கு சார்."

"அப்புறமென்ன?"

"மாதிரிதான் இருக்கு. உடம்பைக் கீழ அனுப்பியாச்சு, பிரேதப் பரிசோதனை முடியட்டும்."

"நாளைக்குச் சாயந்திரம் வரைக்கும் பாக்கறேன். வேணும்னு செஞ்சதா, தெரியாமச் செஞ்சதான்னு கோர்ட்டு பாத்துக்கும். ரெண்டுக்கும் ஆளு பாவாயிதான். அதுவரைக்கும் பொம்பளப் போலீசு ஒருத்தியக் காவலுக்கு வெச்சுட்டுப் போறேன், இல்லாட்டி இவனுங்க அடிச்சே கொன்னுருவானுங்க." கொஞ்சம் தயங்கினார். "நீங்க கோழிமுட்டை ஆராய்ச்சி பண்ணுனவங்கன்னு சொல்றாங்களே, நெசமுங்களா?"

"முட்டை இல்லை சார். முட்டைக்குள்ள இருக்கிற கரு."

"ஏதோ ஒண்ணு. அதுல இதுக்கு வழியிருக்கான்னு பாருங்க."

*

புதன், காலை.

நௌஷீன் மாணிக்கத்தின் வீட்டுக்குத் தனியாக வந்தாள். மிளகு வியாபாரி அப்துல் சுக்கூரின் மகள் என்று அவளை ஊருக்கே தெரியும். வழியில் ஒருவன், "பாய் மக தேனுக்கு வக்காலத்து வாங்க வந்துட்டா. அவிய கடையிலயும் அதே தேனுதான?" என்று அவள் காதுபடச் சொன்னான். அவள் நிற்கவில்லை.

சுமித்ரா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பால் கட்டியிருந்தது. மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டியிருந்தார்கள். வீடு முழுக்க அந்த வாசனை.

"வயிறு எப்போ உப்ப ஆரம்பிச்சது சுமித்ரா?"

"ரெண்டாம் நாளே கொஞ்சம் பெருசா இருந்துச்சுங்க. நல்லாப் பால் குடிக்குது, வயிறு நெறஞ்சிருக்குதுன்னு சந்தோசப்பட்டனுங்க."

"நெத்தியில முடி ஏன் மழிச்சீங்க?"

சுமித்ரா திரும்பினாள். "அது சாமி முடிங்க. இவிய வழியில யாருக்காச்சும் அப்படிப் பொறக்கும். பொறந்த அன்னைக்கே அதை எடுத்துச் சாமிக்கு முடிஞ்சு வெச்சிரோணும். தலையில உட்டு வெச்சா சாமி மொதலோட எடுத்துக்குமாம்." அவள் உத்தரத்தைக் காட்டினாள். "எடுத்து வெச்சமுங்களே. அன்னைக்கே எடுத்து வெச்சமுங்களே."

உத்தரத்தில் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று தொங்கியது. நௌஷீன் கேட்டு வாங்கி அவிழ்த்தாள். உள்ளே ஒரு சிட்டிகை முடி. பஞ்சுபோல வெள்ளை. ஒரு கருப்பு முடிகூட இல்லை.

அவள் அதை மறுபடி முடிந்து அது தொங்கிய இடத்திலேயே கட்டினாள்.

மூலையில், பழைய வேட்டியைக் கிழித்த துணிகள் மடித்து அடுக்கியிருந்தன. குழந்தைக்கு விரித்தவை. நௌஷீன் ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கடைசித் துணிவரை பார்த்தாள். பிறகு அதே மடிப்பில் மடித்து வைத்தாள்.

வெளியே களத்தோரம், பெண் போலீசின் பக்கத்தில் பாவாயி உட்கார்ந்திருந்தாள். நேற்று வைத்த சோறு அப்படியே இருந்தது.

"அக்கா, அந்தத் துணியெல்லாம் தொவைச்சது நீங்களா?"

"நாந்தான் கண்ணு. தொவைக்கறதுக்கு என்ன இருந்துச்சு? வெறும் மூத்திரந்தான. அலசிப் போட்டாத் தீந்துச்சு. சோப்புக்கட்டி பிரிக்கவே இல்ல."

"சேனை வெக்கறதுக்கு முன்னாடியும் அப்படித்தானா?"

"மொத நாள்ல இருந்தே அப்படித்தான். மகாலச்சுமி வந்திருக்கான்னு நான் ஊடு ஊடாப் போயிச் சொன்னேன்." பாவாயி அவள் கையைப் பிடித்தாள். "கண்ணு, நீ படிச்சவ. எனக்கே தெரியாம என்ற மனசுல இருந்த ஏக்கம் அந்தத் தேன்ல எறங்கியிருக்குமா?"

"இல்லைக்கா."

"நெசமாச் சொல்லு."

"நெசமாத்தான் சொல்றேன். தேனுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. சாயந்திரம் எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

பாவாயி கையை விடவில்லை.

*

புதன், பிற்பகல்.

சுகாதார நிலையத்தின் தொலைபேசியில் கீழேயிருந்து பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரின் குரல் கரகரத்தது.

"விஷ வாடை எதுவும் இல்லைம்மா. பெருங்குடல் பலூன் மாதிரி உப்பியிருக்கு."

"முழுசுமா சார்?"

"இல்லை. கடைசியில கொஞ்ச தூரம் மட்டும் ஒட்டிப்போய்க் கிடக்கு. விரல் தடிமன்கூட இல்லை."

"தேன் கிருமியா இருந்தா குடல் முழுக்கத் தளர்ந்திருக்கும் இல்லையா?"

 "ஆமாம். ஒரு இடத்துல மட்டும் சுருங்காது."

"அந்தச் சுருங்கின துண்டை நுண்ணோக்கியில பாருங்க சார். அங்கே ஒரு நரம்புச் செல்கூட இருக்காது."

"பார்க்காமலே எப்படிச் சொல்றே?"

"துணியைப் பார்த்தேன் சார்," என்றாள் நௌஷீன்.

*

புதன், சாயந்திரம்.

போலீஸ் ஜீப் களத்தில் நின்றது. பனி இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டார், சின்னராசு, ஊரில் பாதிப் பேர். சுமித்ராவைக் கம்பளி போர்த்தி வாசலில் உட்கார வைத்திருந்தார்கள்.

"மாணிக்கண்ணா," என்றாள் நௌஷீன். "தலைக்கட்டைக் கொஞ்சம் அவுத்துக்கறீங்களா?"

மாணிக்கம் எஸ்.ஐ.யைப் பார்த்தான். பிறகு துண்டை அவிழ்த்தான். நெற்றிக்கு நேர் மேலே மழித்திருந்த இடத்தில் முடி லேசாக முளைத்திருந்தது. சுற்றிலும் கருப்பு. அங்கே மட்டும் வெள்ளை.

"சாமி முடி," என்றான்.

"ஆமா. உங்களுக்கு அதோட போச்சு. தம்பிக்கு அது காதுலயும் கண்ணுலயும் காலுலயும் வந்துச்சு. குழந்தைக்குக் குடல்ல."

"வெள்ளை முடிக்கும் குடலுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றார் அர்த்தனாரி.

"பொறந்த எடம் ஒண்ணு சார்."

அவள் மெதுவாகச் சொன்னாள். கரு உருவாகும்போது முதுகெலும்பு வரப்போகும் இடத்தின் ஓரத்தில் செல்கள் ஒரு கூட்டமாகப் பிறக்கின்றன. பிறந்த இடத்தில் அவை தங்குவதில்லை. நடக்கின்றன. சில தோலுக்கும் முடிக்கும் கண்ணுக்கும் நிறம் தரப் போகின்றன. சில உள்காதுக்குப் போகின்றன. சில, கை கால் நரம்புகளின்மேல் உறை போர்த்துகின்றன. கம்பிக்கு ரப்பர் போல. உறை சரியாக இல்லாத நரம்பில் செய்தி போய்ச் சேராது, பாதம் தொங்கிவிடும், காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடக்க வேண்டியதுதான். இன்னும் சில, குடலின் மேல்முனையில் நுழைந்து கீழ்முனைவரை போகின்றன. அவை போய்ச் சேர்ந்த இடத்தில்தான் குடல் அசையும்.

"அதுங்களுக்கு வழி எப்படிங்க தெரியும்?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் எது முன்பக்கம், எது பின்பக்கம்னு சொல்ற புரதங்கள் இருக்கு. இன்னொரு செல் வந்து தொட்டா, தொட்ட பக்கம் பின்பக்கம், எதிர்ப்பக்கம் நட. உறை போர்த்தற செல்லுக்கும் நரம்பு எந்தப் பக்கம்னு சொல்றது அந்த வகைப் புரதம்தான். நான் கோழிக்கருவுல அதுல ஒண்ணை எடுத்துட்டு ரெண்டு வருஷம் பார்த்தேன். செல்லெல்லாம் செத்துப் போகல. முன்ன பின்ன தெரியாம நின்ன எடத்துலயே நின்னுச்சு." அவள் நிறுத்தினாள். "இந்தக் குழந்தைக்கு எது குறைஞ்சதுன்னு எனக்குத் தெரியாது. அதைச் சொல்லப் பெரிய ஆய்வகம் வேணும். ஆனா கூட்டம் முழுசா வந்து சேரலைன்னு தெரியும்."

அர்த்தனாரி ஸ்வெட்டரின் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். "எனக்குப் புரியற மாதிரி ஒண்ணு சொல்லுங்க."

"எழுபது வளைவையும் தாண்டினாத்தான் சார் பஸ் மலைமேல செம்மேட்டுக்கு வரும். அறுபதாவது வளைவுலயே நின்னுட்டா?"

"அதுக்கு மேல இருக்கிறவங்களுக்கு பஸ் இல்லை."

"குழந்தையோட குடல்ல கடைசிப் பத்து வளைவுக்கு ஆள் வரல. அந்த எடம் தொறக்கவே இல்லை. குடல்ல அதுக்கு முன்னாடி இருந்தது எல்லாம் தேங்கிருச்சு. கொன்னது யாருன்னு கேட்டீங்க. வந்தவங்க யாரும் இல்லை. வராதவங்க."

"இதெல்லாம் கதை!" என்றான் சின்னராசு. "தேனு வெக்கறதுக்கு முன்னாடி நல்லாத்தான இருந்துச்சு?"

"இல்லை." நௌஷீன் வாசலில் வைத்திருந்த துணி அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்துப் பிரித்துக் காட்டினாள். "பொறந்த குழந்தை மொத நாள்லயோ மறுநாள்லயோ காட்டுப்பீ போகணும். தார் மாதிரி, கரும்பச்சையா. எத்தனை அடிச்சுத் தொவைச்சாலும் துணியில அதோட கறை நிக்கும். பெத்தவங்க எல்லாருக்கும் தெரியும். இந்தத் துணியில எங்கயாச்சும் கறை இருக்கா? சேனை வெச்சது மூணாம் நாள். குடல் அடைஞ்சது தாய் வயித்துலயே. இந்தக் குழந்தை கடைசி வரைக்கும் காட்டுப்பீ போகவே இல்லை. நாம எல்லாரும் அதைச் சுத்தமான குழந்தைன்னு சொன்னோம்."



அர்த்தனாரி தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டினார். "பாவாயி, நீ எந்திரி. உம்மேல ஒண்ணுமில்ல." பிறகு நௌஷீனிடம் மெல்ல, "வராதவங்க மேல நான் எப்படிங்க மேடம் கேஸ் எழுதறது?" என்றார்.

"எழுத முடியாது சார்."

சின்னராசு மாணிக்கத்தின் பக்கம் திரும்பியிருந்தான். "அப்போ உன்ற ரத்தமா? உன்ற ரத்தந்தானா இது? என்ற தங்கச்சிய இனி இந்த ஊட்டுல உட மாட்டேன்."

 மாணிக்கம் துண்டை மறுபடி கட்ட முயன்றான். முடிச்சு விழவில்லை. "டாக்டரம்மா, அடுத்ததுக்கும் வருமுங்களா?"

"வரலாம். வராமலும் போகலாம். ரெண்டுக்கும் சரிபாதி."

"தடுக்கறதுக்கு?"

அவள் இல்லை என்று தலையை அசைத்தாள். இரண்டு வருஷம் அந்தச் செல்கள் நடப்பதைப் பார்த்தவள் அவள். எந்தக் கூட்டம் எங்கே நின்றது என்று படம் வரைந்து காட்ட முடியும். ஒரு செல்லைக்கூட ஓரடி தள்ளி நிறுத்த முடியாது.

சின்னக்கண்ணு ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்காவை விட்டுவிட்டார்கள் என்பது மட்டும் அவனுக்குப் புரிந்தது. சிரித்தான். கால்களைத் தூக்கித் தூக்கி வைத்து அவளருகே போய் நின்றான்.

பாவாயி எழுந்திருக்கவில்லை.

"கண்ணு," என்றாள். "கறை இல்லைன்னு மொத நாளே நான் உன்கிட்ட ஓடி வந்து சொல்லியிருந்தா?"

நௌஷீனுக்கு அப்போதுதான் தெரிந்தது, தான் என்ன செய்துவிட்டோம் என்று. தேன் என்ற பழியைப் பாவாயியின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு துணியைக் கொடுத்திருக்கிறாள்.

"மழை அக்கா. பாதை இல்லை."

"ரெண்டாம் நாள் மழை உட்டுருச்சு. மாணிக்கம் கடைக்குப் போயிட்டு வந்தான். அன்னைக்குச் சொல்லியிருந்தா?"

அன்று கீழே கொண்டு போயிருந்தால் மலம் போக வயிற்றில் வழி ஒன்று திறந்திருப்பார்கள். காது கேட்டிருக்காது. காலில் பலம் வந்திருக்காது. உயிர் இருந்திருக்கும். நௌஷீன் இதில் ஒன்றையும் சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை. எஸ்.ஐ. தரையைப் பார்த்தார்.

பாவாயி நௌஷீனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டி அந்தத் துணியை வாங்கிக்கொண்டாள்.

போலீஸ் ஜீப் யாரையும் பிடிக்காமல் கிளம்பியது. கூட்டம் கலைந்தது. பனி களத்தை மூடிக்கொண்டு வந்தது. பாவாயி துணியை இரண்டு கையாலும் விரித்து, மிச்சமிருந்த வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். ஒரு மூலையிலிருந்து தொடங்கி, இழை இழையாக, கறையைத் தேடினாள்.